செவலை சொல்லிக்கொடுத்த பறப்பு

ஒரு வீட்டுக் கொல்லையில் செவலை என்று ஒரு கோழியும் மரகதம் என்று ஒரு வளர்ப்புக் கிளியும் இருந்தன. கிளிக்கு வெட்டிவிட்ட இறகெல்லாம் மறுபடி வளர்ந்துவிட்டது. வீட்டுக்காரம்மாளும் மனசு மாறிக் கூண்டைத் திறந்துவிட்டாள். ஆனால் பறக்க மறந்துபோன கிளி, கோழி பின்னாலேயே தத்தித் தத்தி நடந்தது. பக்கத்து வீட்டுப் பூனைக்கு அது போதாதா? அந்தப் பயத்தில் செவலைக்குத் தீனியே இறங்கவில்லை.

"பறக்கறது பெரிய வித்தை இல்லடி. படபடன்னு அடிச்சு மேல ஏறணும், உடனே கீழ இறங்கணும். அவ்வளவுதான்" என்று தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தது.

கிளியும் துவைக்கிற கல்மேல் ஏறும், இறங்கும். "சரியா செஞ்சேனாக்கா?" என்று கேட்கும்.

"எங்க வம்சத்துலயே இவ்வளவு அழகா யாரும் இறங்கினதில்ல" என்று செவலை பூரித்துப்போகும்.

ஒருநாள் கிளி கல்லிலிருந்து எழும்பிய நேரம் பார்த்து, கீழே பூனை வந்து பதுங்கியது.

"இறங்காதடி, அடிச்சுக்கிட்டே இரு" என்று கத்தியது செவலை.

சொன்ன பேச்சைத் தட்டாத கிளி, அடித்துக்கொண்டே போய்ப் பூவரச மரத்து உச்சியில் உட்கார்ந்தது. பூனை ஏமாந்து போய்விட்டது.

"அக்கா, இப்ப இறங்கட்டுமா?"

செவலை கழுத்தைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் அவ்வளவு உயரத்தையும் பார்த்தது. அங்கிருந்து எப்படி இறங்குவது என்று அதற்குத் தெரியாது.

"என்ன அவசரம்? பசிச்சா வா. அதுவரைக்கும் அங்கேருந்து என்னென்ன தெரியுதுன்னு சொல்லு, கேட்டுக்கிட்டே மேயறேன்" என்றது.