கரையில் விழுந்த ஓட்டை

குளத்துக்கும் சாக்கடைக்கும் நடுவே இருந்த மண்கரையில் ஓட்டை விழுந்துவிட்டது. அழுக்குத் தண்ணீர் குளத்துக்குள் கசிந்தது. செங்கமலம் என்ற நண்டின் குஞ்சுகள் அதைக் குடித்துச் சுருண்டு படுத்துவிட்டன.

பதறிப்போன செங்கமலம், கரையோரப் பள்ளத்தில் கூடியிருந்த தவளைகளின் சபைக்கு ஓடினாள். அங்கே ஐந்தாவது நாளாக விவாதம்.

"கரையைக் கொக்கிடம் ஒப்படைப்போம். நிர்வாகம் தெரிந்தவர்" என்றது பச்சைத் தவளை.

"நம்மையே விழுங்கிவிடுவார்! கரை பொதுவில்தான் இருக்கவேண்டும்" என்றது சொறித் தவளை.

"பொதுவில் இருந்ததால்தானே ஓட்டை விழுந்தது?"

"ஐயா, இப்போதைக்கு அதை அடைத்துவிட்டு..." என்று இழுத்தாள் செங்கமலம்.

"பெரிய விஷயம் பேசும்போது குறுக்கே வராதேம்மா!" என்றன இரண்டும்.

செங்கமலம் திரும்பிப் போய்த் தானே களிமண்ணை உருட்டி ஓட்டையை அடைத்தாள். இரண்டே நாளில் குஞ்சுகள் தெளிந்து ஓடியாடின. சேதி சபைக்கு எட்டியது.

"யாரைக் கேட்டு அடைத்தாய்?" என்று பச்சை பாய்ந்தது.

"இனி நாங்கள் எதைப் பேசுவது? முதலில் திறந்துவிடு!" என்றது சொறி. முதல்முறையாக இரண்டுக்கும் ஒரே கருத்து.

செங்கமலத்துக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனாலும் பணிவாக, "அப்படியே ஆகட்டும் ஐயா" என்றாள். போய், குளத்துப் பக்கம் தொடாமல், சபை கூடும் பள்ளத்தின் பக்கமாகக் கரையைக் குடைந்துவிட்டாள்.

சாக்கடை தவளைகளின் கழுத்துவரை ஏறியது. பொழுது சாயும்வரை இரண்டும் சேர்ந்து மண் சுமந்தன. வாயைத் திறந்தால் சாக்கடை உள்ளே போய்விடுமே என்று ஒரு வார்த்தை பேசவில்லை.