முதல் பெஞ்சு மாணவர்

அறுபத்து மூன்று வயதில் ஜியாலஜி முதலாம் ஆண்டில் சேர்ந்த அந்த ஓய்வுபெற்ற ரயில்வே கார்டை, பிள்ளைகள் முதலில் கேலிதான் செய்தார்கள். போகப்போக அவரிடமே சந்தேகம் கேட்க ஆரம்பித்தார்கள்.

“தாத்தா, குவார்ட்ஸும் கால்சைட்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கே, எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்றாள் பக்கத்தில் உட்காரும் பெண்.

“கத்தியால கீறிப் பாரும்மா. கீறல் விழுந்தா கால்சைட்.”

ஒருநாள் காய்ச்சலோடு வந்து நின்றார்.

“வீட்டுல படுத்திருக்கலாமே தாத்தா?”

“அங்க பேச்சுத்துணைக்குச் சுவர்தான் இருக்கு. இங்க ஒரு மணி நேரமாவது மனுஷக் குரல் காதுல விழுதே!”

ஆண்டுத் தேர்வில் அவர் ஃபெயில். வகுப்பில் யாரும் நம்பவில்லை.

பேராசிரியை அவரைத் தன் அறைக்கு அழைத்தாள். வருஷம் முழுக்கப் பாடத்தைத் தவிர அவரிடம் ஒரு வார்த்தை பேசாதவள்.

“எல்லாம் தெரிஞ்சும் ஏன் வெறும் பேப்பரைக் குடுத்தீங்க?”

“பாஸாயிட்டா அடுத்த வருஷம் வேற யாரோ பாடம் எடுப்பாங்க.”

அவள் அந்த வெறும் பேப்பரை மடித்து மேஜையில் வைத்தாள்.

“என்னைப் பார்க்கணும்னா வீட்டுக்கு வந்திருக்கலாமேப்பா.”

“எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வர்றது? உன் கல்யாணத்தன்னைக்கு, இனிமே எனக்கு மகளே இல்லைன்னு சொன்னவனாச்சே நான்.”

அவர் எழுந்து கதவு வரை போய்விட்டார்.

“எனக்குக் கோபம் இன்னும் தீரல,” என்றாள் மகள். “ஆனா ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க.”