அப்பாவுக்கு டைப் வராது

மார்ச் 4, செவ்வாய்.

இன்று ஒரு தப்பு செய்தேன். அம்மா இறந்த துக்கத்திலிருந்து மீள அப்பா இணைய சிகிச்சையில் சேர்ந்திருக்கிறார். அதில் அம்மாவுக்கு அவர் எழுத வேண்டிய கடிதத்தை நானே எழுதி அனுப்பிவிட்டேன்.

"எனக்கு டைப் வராதும்மா, நீயே எழுதிடு" என்று அவர்தான் நழுவினார். எழுதும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மாலை வகுப்பு முடிந்து வந்தபோது, ஆலோசகர் வீடியோவில் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார். அப்பாவை நீக்கிவிடுவாரோ என்று பயந்து ஒப்புக்கொண்டேன்.

"மேடம், அது நான் எழுதினது. அப்பாவை நிறுத்திடாதீங்க. அவர் இன்னும் தேறலை."

"அவரோட சிகிச்சை போன வருஷமே முடிஞ்சிடுச்சேம்மா!" என்றார் ஆலோசகர்.

திரும்பினேன். அப்பா அசடு வழிந்தார்.

"அப்புறம் எதுக்குப்பா இந்த நாடகம்?"

"அம்மா போனப்ப நீ ஒரு சொட்டு அழலை. கூப்பிட்டா, 'எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்'னு முறுக்கிக்குவ. எனக்குன்னு சொன்னாத்தானே எழுத உட்காருவ?"

"எவ்வளவு புளுகு!"

"சிகிச்சையில சேர்றதும் சேராததும் உன் இஷ்டம். ஆனா கடிதம் பிரமாதம். போன வருஷம் நான் எழுதினதைவிட நல்லா இருக்கு" என்றார்.

ஆலோசகர் சிரிக்காமல் என் பதிலுக்குக் காத்திருந்தார். சேர்ந்துவிட்டேன்.

நாளைய வேலை: அம்மாவின் அலமாரியைத் திறப்பது.