போயிட்டு வரேன்

வேலாயுதம் இறந்த பதினைந்தாம் நாள், அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ரெஜினா தனியாக அந்த வீட்டுக்கு வந்தாள். போகவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். வேலாயுதத்தின் மனைவி கோமதி அவளுக்குப் பாயை விரித்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தாள்.

"அந்த ஊசி அவருக்கு ஒத்துக்காதுன்னு நீங்க சேர்க்கும்போதே சொல்லியிருக்கீங்க. நர்ஸ் அதைச் சீட்டுல சிவப்பு மையில எழுதியும் வச்சிருக்காங்க. நான்தான் பார்க்காம போடச் சொல்லிட்டேன். என் தப்பும்மா."

கோமதி நிமிர்ந்து பார்த்தாள். "நான் சொன்னேனா?"

"சொன்னீங்க."

"சொல்லாம விட்டு புருஷனைக் கொன்னுட்டேன்னு இந்த வீட்டுல எல்லாரும் ஏசுறாங்க. கேட்டுக் கேட்டு, சொல்லலைன்னே நானும் நம்பிட்டேன்."

ரெஜினா எழுந்து வாசலுக்கு வந்தாள். செருப்பை மாட்டும்போது, எல்லா வீட்டிலும் சொல்கிற பழக்கத்தில், "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டாள். துக்க வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். சொன்னால் இன்னொரு சாவுக்கு வர வேண்டியதாகிவிடும் என்று பயம். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வாங்க" என்றாள் கோமதி. "நாளைக்குப் பதினாறாம் நாள் காரியம். சொந்தக்காரங்க எல்லாரும் இருப்பாங்க. இப்ப என்கிட்ட சொன்னதை அவங்க முன்னாடி சொல்லணும்."

ரெஜினா தெருவில் இறங்கி நடந்தாள்.

விரித்த பாயைக் கோமதி சுருட்டவில்லை.