மூங்கிலுக்குப் போதையேறும் நாள்

பெய்ஹுவா கண் விழித்ததும் முதலில் ஜன்னலைத்தான் பார்த்தாள். கருமூங்கில் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

அப்பாடா என்றிருந்தது. எடுத்துக்கொண்டு போகவில்லை.

ஐந்தாம் மாதம் பதிமூன்றாம் நாள் மூங்கிலுக்குப் போதையேறும் என்பது அந்தக் கால்வாய்க்கரையில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு வேரோடு பெயர்த்தால் அதற்கு ஒன்றும் உறைக்காது. எங்கே நட்டாலும் பழைய இடம் என்று நினைத்துத் துளிர்க்கும். வேறு நாளில் கைவைத்தால் கோபித்துக்கொண்டு பட்டுப்போகும்.

நேற்று அந்த நாள். மகன் ஸிமிங்கும் மருமகள் லான்யிங்கும் நகரத்திலிருந்து வந்திருந்தார்கள். வந்ததும் அதே பழைய பல்லவி. இந்த வீட்டில் ஒண்டியாக இருக்காதே, எங்களோடு வந்துவிடு.

"மூங்கிலை வேணா பேர்த்துக்கிட்டுப் போடா. நான் வரமாட்டேன். உங்கப்பா வந்து தட்டினா யாரு கதவைத் திறக்கறது?"

"சரிம்மா, மூங்கில் மட்டும் போதும்" என்றான் ஸிமிங். "அதுக்கு ஒரு வாய் ஊத்தினா பேசாம கிளம்பிடும். நீ அதைவிட அழுத்தக்காரி."

வீட்டுப் படித்துறையில் படகேறிப் போன அவள் கணவர் திரும்பி வரவில்லை. படகு கவிழ்ந்து கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. கிடைக்காதவர் என்றைக்காவது வரத்தானே வேண்டும்? படித்துறைக் கதவு ஒன்றுதான் அவருக்குத் தெரியும். அதற்காகத்தான் அவள் ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை.

ஸிமிங் மூங்கிலின் வேரில் அரிசி மதுவை ஊற்றினான். தெற்குப் பக்கத்துத் தண்டில் சிவப்பு நூல் கட்டினான். புது இடத்திலும் அந்தப் பக்கம்தான் தெற்கைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மூங்கில் கண்டுபிடித்துவிடும். அதன் காதில் விழக்கூடாதென்று மூவரும் கிசுகிசுத்தே பேசினார்கள்.

மிச்ச மதுவைப் பேரீச்சை போட்டுச் சுடவைத்து லான்யிங் அவளுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தாள். லேசாகக் கசந்தது. மருமகள் ஆசையாகக் கொடுத்ததாயிற்றே என்று குடித்துவிட்டாள்.

படுத்ததுதான் தெரியும்.

அறையில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கணவரின் படம். கொசுவலையின் வளைந்த கொக்கி. கட்டிலடியில் துணிச்செருப்பு, அவள் விடுகிற மாதிரியே ஒன்று கவிழ்ந்தபடி.

தண்ணீர் சத்தம்தான் இல்லை. இந்நேரம் படகுக்காரர்கள் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டு போக வேண்டுமே.

கதவுக்கு வெளியே லான்யிங்கின் குரல் கேட்டது.

"மெதுவாப் பேசுங்க. முழிச்சுக்கிட்டா வம்பு."

"வேர் பிடிக்கிற வரைக்குந்தான்" என்று கிசுகிசுத்தான் ஸிமிங். "அப்புறம் பழகிடும்."

பெய்ஹுவாவுக்குச் சிரிப்பு வந்தது. இந்த மூங்கிலுக்குப் போய் இன்னும் இப்படிப் பயந்து சாகிறார்களே! மனசு மாறி இங்கேயே விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. அப்புறம் தண்டில் நூல் எதற்கு?

எழுந்து ஜன்னலைத் திறந்தாள். நூலை அவிழ்க்க இடது கையை நீட்டினாள்.

கை பாதியில் நின்றது.

அவள் மணிக்கட்டிலும் ஒரு சிவப்பு நூல் இருந்தது. தூங்கும்போது ஜன்னல் பக்கம், தெற்குப் பக்கம், கிடக்கிற கை அது. ஸிமிங் போடுகிற அதே முடிச்சு, இறுக்காமல், வலிக்காமல், பதமாகப் போட்டது.

எங்கோ வெகு தொலைவில் யாரோ படித்துறைக் கதவைத் தட்டுவது அவளுக்குக் கேட்டது.