வலது காலின் இரண்டாவது சத்தம்

"யாரு அது, கால் சத்தம்?"

குளியலறையிலிருந்து அப்பா கேட்டார். முகத்தில் பாதி நுரை, பாதி முகம். குழாய் ஓடிக்கொண்டிருந்ததால் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை.

எனக்குக் கேட்டது. பள்ளிச் சீருடையில் வாசலில் உட்கார்ந்து லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு பையோடு என்னைத் தாண்டிப் படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்கு ஒரே ஒரு வரியில் பதில் சொன்னேன். படியில் அந்தக் கால்கள் ஒரு கணம் நின்றன. பிறகு இறங்கிப் போய்விட்டன. அக்கா திரும்பி வரவேயில்லை.

அந்த ஒரு வரிக்காக என் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றது.

அக்காவின் கால் சத்தத்தை யாரோடும் குழப்பிக்கொள்ள முடியாது. சின்ன வயதில் என்னிடம் பந்தயம் கட்டி, கடைசி ஆறு படிகளை ஒரே தாவலாகத் தாவினாள். வலது கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. அடி விழும் என்று பயந்து இரண்டு நாள் போர்வைக்குள் மறைத்தோம். அதற்குள் அது தன் இஷ்டத்துக்குக் கோணலாகக் கூடிவிட்டது.

அதிலிருந்து அவளுடைய வலது கால் இரண்டு முறை பேசும். முதலில் டக். பிறகு பாதம் உள்பக்கமாகச் சரியும்போது, சர்.

நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வருவது யார் என்று சொல்ல வேண்டும், அதுதான் விளையாட்டு. அவள் அம்மா மாதிரி நடப்பாள், அப்பா மாதிரி நடப்பாள். வலது கால் காட்டிக் கொடுத்துவிடும்.

"உன்னைத்தான்டி யாராலயும் கண்டுபிடிக்க முடியாது, பூனை" என்பாள். என் காலுக்குச் சத்தமே கிடையாது.

இன்று மத்தியானம் ஷூ கடையில் பெட்டிகளை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். கடை தெரு மட்டத்திலிருந்து உயரத்தில் இருக்கிறது. ஏறி வர எட்டுப் படி.

அந்த எட்டுப் படியில் நான்கு முறை டக், சர்.

கையிலிருந்த பெட்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒன்பது வருடத்தில் கொஞ்சம் மெலிந்திருந்தாள். நான் கண்ணாடி போட்டிருந்தேன், கடையின் நீலக் கோட்டு போட்டிருந்தேன், அவளைவிட உயரமாகியிருந்தேன். அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"தினம் ஓடுவேன். ஷூ லேசா இருக்கணும், ஆனா கால் பிரளக் கூடாது. அப்படி இருக்கா?"

தலையாட்டினேன். அக்கா என்று கூப்பிட்டால் எழுந்து போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது. போய்விட்டால் இன்னும் ஒன்பது வருடம் ஆகலாம்.

அவளுடைய பழைய ஷூவை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். வலதின் உள்விளிம்பு மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. துடைப்பதுபோல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

இருப்பதிலேயே லேசான ஜோடியை முதலில் எடுத்துக் கொடுத்தேன். கையில் எடுத்தால் காலிப் பெட்டி மாதிரி இருக்கும். எங்கள் கடையில் ஷூவைப் போட்டுக்கொண்டு கடைசி ரேக் வரை ஓடிப் பார்க்கச் சொல்வோம்.

ஓடினாள். டக், சர். டக், சர்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சாயங்காலம் வரை அவள் ஓடிக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

"நல்லா லேசா இருக்கு. இதையே எடுத்துக்கட்டுமா?"

சரி என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சத்தத்தை அவள் காலிலேயே விட்டுவைத்திருக்கலாம்.

அந்த ஷூவை வாங்கி ஈரத்துணி பிழிவதுபோல முறுக்கிக் காட்டினேன். முழுசாக முறுக்கிக்கொண்டது. இப்படி முறுக்கிக்கொள்வது அவள் காலைத் தாங்காது. வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"வாயைத் திறந்து பேசவே மாட்டீங்களா?" என்று சிரித்தாள்.

மேல் தட்டிலிருந்து இன்னொரு ஜோடியை இறக்கினேன். முப்பது கிராம்தான் கூட. குதிகாலை அழுத்தினால் அமுங்காது. உள்பக்க அடி மட்டும் கொஞ்சம் கெட்டியாக, பாதம் அந்தப் பக்கம் சாயவிடாமல் பிடித்துக்கொள்ளும். மண்டியிட்டு நானே லேஸ் கட்டிவிட்டேன்.

மறுபடி ஓடினாள்.

டக். டக். டக்.

இரண்டாவது சத்தம் இல்லை. யாரோ ஒருத்தி ஓடுகிற மாதிரி இருந்தது.

கல்லாவிலிருந்து முதலாளி, செய்தித்தாளை இறக்காமலே கேட்டார். "யாரும்மா அது, நம்ம கடைக்குள்ள மாரத்தான் ஓடறது?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "மாடி வீட்டு அக்கா, சார்."

"அப்படியா? அப்ப ஒரு ஜோடி சாக்ஸும் சேர்த்துப் போட்டுக் குடு."

ரேக்குகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்த கால்கள் நின்றன.

அன்று அப்பாவுக்கும் இதைத்தான் சொன்னேன். மாடி வீட்டு அக்காப்பா, என்று. அவர் திரும்பி மீதிப் பாதி முகத்தைச் சவரம் செய்யப் போனார். சாயங்காலம் அக்கா வீட்டை விட்டுப் போனது தெரிந்ததும் என் புத்தகப் பையைப் பரணில் தூக்கிப் போட்டார்.

கால்கள் மெல்லத் திரும்பி வந்தன. நான் இன்னும் மண்டியிட்டபடியே இருந்தேன், நிமிரவில்லை. என் முழங்காலுக்கு முன்னால் புது ஷூவின் இரண்டு முனைகள். அவை வெகு நேரம் அங்கேயே இருந்தன.

பிறகு கல்லாவுக்குப் போயின. கதவுக்குப் போயின.

கண்ணை மூடிக்கொண்டு படிகளை எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு படிக்கும் படிக்கு ஒரு சத்தம்தான்.

எட்டாவது படியில் டக். கொஞ்சம் பொறுத்து, சர்.

அந்த ஷூவில் அந்தச் சத்தம் தானாக வராது. நான்தான் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.