கையால மாத்தினால் நிக்காது

ஞாயிறு பூசை முடிந்து தலைமன்னார் வீட்டுக்கு வந்ததும், பெற்றிசியா ரொறன்ரோவில் இருக்கும் மகனுக்குக் கோல் எடுத்தார்.

"மகன், நீ கொம்பியூட்டரில போட்டுத் தந்த லினக்ஸ் திரும்பவும் கரைச்சல். என்ர யூசர் பெயரை மாத்தினனான். நிப்பாட்டித் திரும்பப் போட்டால் பழைய பெயரே வருது."

"ஐயோ அம்மா, எத்தினை தரம் சொல்லிட்டன்! இந்த வகை லினக்ஸில கையால மாத்தினால் நிக்காது. அந்த செற்றிங் ஃபைலில எழுதோணும். அதில என்ன இருக்கோ அதுதான் வரும்."

"எந்த ஃபைல், அப்பன்?"

மகன் றொசாந்தன் பெருமூச்சு விட்டான். ஆனாலும் முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தான். இடையில், "சாப்பிட்டீங்களோ?" என்றும் கேட்டான். அரை மணித்தியாலம் போனது.

"வைக்கிறன் அம்மா. இனியாவது மறக்காதேங்கோ."

திங்கட்கிழமை பெற்றிசியா பஸ் ஏறி முருங்கனில் உள்ள கந்தோருக்குப் போனார். கூட வேலை செய்யும் றெனால்ட் வாசலிலேயே காத்திருந்தார்.

"அக்கா, எல்லாக் கொம்பியூட்டரிலயும் யூசர் பெயர் மாத்தினனான். காலமை பாத்தால் எல்லாம் பழையபடி!"

"கையால மாத்தினால் நிக்காது, றெனால்ட்."

கதிரையில் உட்காராமலே, எல்லாக் கொம்பியூட்டருக்கும் பொதுவான அந்த ஃபைலைத் திறந்தார் பெற்றிசியா. நாலு வரியைத் திருத்தினார். ஐந்து நிமிடத்தில் எல்லாம் சரி. இந்த வேலைக்குக் கந்தோரே அவரைத்தான் தேடும். மகன் ரொறன்ரோவுக்குப் போன வருசமே அவனிடம் கேட்டுப் பழகிய வேலை இது. பழகிவிட்டதை மட்டும் அவனுக்கு இன்னும் சொல்லவில்லை.

"உங்கட வீட்டிலயும் இதே லினக்ஸ்தானே அக்கா? ஒரு கரைச்சலும் இல்லையோ?"

"இருக்கு," என்றார் பெற்றிசியா. "ஞாயிற்றுக்கிழமையில மட்டும்."